குந்து என்றால் கொச்சையா? தமிழாசிரியருக்கு வேண்டிய பயிற்சி எது?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ராஜகிரியைப் படம் பிடித்துப் போடாத ஆளில்லை. நல்லது. அந்த மலையடிவாரக் காலனிப் பிள்ளையின் வாயில் இருக்கும் பாரம்பரியத்துக்கு என்ன மரியாதை?

"சார், இங்க குந்தட்டா?" என்று கேட்கிற பிள்ளைக்கு "ஒழுங்கா பேசு, காலனி பாஷை பேசாதே" என்று பதில் வருகிறது. குந்து அகராதியில் உள்ள தமிழ்ச் சொல். ஊர்ப் பிள்ளை சொன்னால் அது வட்டார வழக்கு. நம் பிள்ளை சொன்னால் கொச்சை. சேரிமொழியால் அமையும் 'புலன்' என்ற செய்யுள் வகையைத் தொல்காப்பியமே சொல்கிறது. தேர்வுக்குப் படித்த ஆசிரியருக்கு அது வகுப்பறையில் மறந்துவிடுகிறது.

எழுத்துத் தமிழ் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும், நம் பிள்ளைகளுக்குத்தான் முதலில் வேண்டும். ஆனால் பேச்சை அவமானப்படுத்தி எழுத்தைக் கற்றுத்தர முடியாது. பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் பாடநூல் வடிவத்தை எழுதி, இரண்டையும் பேசவைப்பது ஒரு தொழில்திறன். அது தானாக வராது. பயிற்சி தர வேண்டும்.

பயிற்சிக்குப் பஞ்சமா? 2022இல் எண்ணும் எழுத்தும் தொடங்கியதிலிருந்து வட்டார வள மையங்களில் கட்டகமும் கருத்தாளரும் ஓயவில்லை. அட்டை, பாட்டு, செயலி எல்லாம் உண்டு. சாதி எங்கே? நாங்குநேரி வன்முறைக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிப் பாகுபாடு பற்றி ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சி வேண்டும் என்றது. அதை ஒருநாள் சொற்பொழிவாக முடித்துவிடக் கூடாது. மொழிப்பாடப் பயிற்சிக்குள்ளேயே அது வர வேண்டும், ஏனென்றால் சாதி வகுப்பில் முதலில் உச்சரிப்பாகத்தான் பிடிபடுகிறது.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அடிமைகளும் கொய்கொய் மக்களும் சேர்ந்து உருவாக்கிய அஃப்ரிகான்ஸ் முதலில் 'சமையலறை மொழி' என்று இகழப்பட்டது. கேப் முஸ்லிம்கள் அதை அரபு எழுத்தில் எழுதிப் பிள்ளைகளுக்குச் சமயம் கற்பித்தார்கள். பிறகு வெள்ளையர் அதைத் 'திருத்தி' 1925இல் ஆட்சிமொழியாக்கினர். அதையே பாடமொழியாகக் கறுப்பினப் பள்ளிகளில் திணித்தபோது, கற்பிக்க வேண்டிய ஆசிரியர் பலருக்கே அது சரளமில்லை. 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டார்கள்.

செஞ்சி, மேல்மலையனூர்ப் பக்கம் படிக்கும் தோழர்களே, அடுத்த பயிற்சிக்கான கட்டகத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். 'கொச்சை' என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது, சாதி என்ற சொல் ஓரிடத்திலாவது இருக்கிறதா என்று எண்ணுங்கள். அந்தத் தாளோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பார்ப்போம்.