வானொலி யாருடைய அமானிதம்?

பாளையங்கோட்டையில் இயங்கும் திருநெல்வேலி வானொலி நிலையத்துக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1963 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கப்பட்ட நிலையம் அது. தாமிரபரணிக் கரை விவசாயிக்கும் கடலோர மீனவருக்கும் அவர்களுக்குப் புரியும் தமிழில் பேசியது. காலையில் மூன்று சமயத்தாரின் பக்திப் பாடல்களையும் ஒலிபரப்பியது. மேலப்பாளையம், கடையநல்லூர், காயல்பட்டினம் என நம்மவர்கள் நிறைந்து வாழும் ஊர்களில் அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது.

ஆனால் இன்று அரசு ஒலிபரப்பு பற்றி நம் வீடுகளில் பேச்சு வந்தால், அது வருத்தத்தோடுதான் வருகிறது. காரணம் இல்லாமல் இல்லை. 2024 ஏப்ரல் 5 அன்று, மக்களவைத் தேர்தல் பிரச்சாரம் நடந்துகொண்டிருந்த வேளையில், ‘தி கேரளா ஸ்டோரி’ படத்தைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. அந்தப் படம் கிளப்பிய 32,000 பெண்கள் என்ற கணக்குக்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று அறிவிப்புப் போடுவதாக, 2023 மே மாதமே தயாரிப்பாளர் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. அப்போதைய கேரள முதல்வர் பினராயி விஜயன் கண்டித்தும் ஒளிபரப்பு நிற்கவில்லை. அதே மாதம் டிடி நியூஸ் இலச்சினை காவி நிறத்துக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் சென்னைத் தொலைக்காட்சி நிலைய விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தின் ஒரு வரி விடுபட்டு, நிலையம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

இதையெல்லாம் பார்த்து, "அது அவர்களுடைய சேனல், நமக்கென்ன" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். அந்த இடத்தில்தான் நாம் தவறுகிறோம். அது அவர்களுடையது இல்லை. நம்முடையது. நம்முடைய சொத்தை நாமே கைவிட்டால் கணக்குக் கேட்க யார் இருப்பார்கள்?

பணம் யாருடையது?

ஒரு காலத்தில் வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருப்பவர் தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டினார். 1980களில் அந்தக் கட்டணம் ஒழிந்தது. செலவு ஒழியவில்லை, அது அரசு கஜானாவுக்கு மாறியது. பிரசார் பாரதிக்கு மத்திய அரசு இன்று ஆண்டுதோறும் 2,000 கோடி ரூபாய்க்கு மேல் மானியம் தருகிறது. நிலையங்களையும் கருவிகளையும் புதுப்பிக்க 2,539.61 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கும் 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

கஜானாவில் இருப்பது மக்கள் பணம். மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் சகோதரி வாங்கும் சோப்பிலும் வரி இருக்கிறது. பத்தமடையில் பாய் நெய்பவர் மகளுக்கு வாங்கும் நோட்டிலும் பேனாவிலும் அவர்கள் பங்கு ஏதோ ஒரு வகையில் போய்ச் சேருகிறது. 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில், வான்அலைகளே பொதுச் சொத்து என்றும், அரசிடமிருந்து விலகி நிற்கும் தன்னாட்சி அமைப்பே அவற்றை நிர்வகிக்க வேண்டும் என்றும் அது தீர்ப்பளித்தது. ஆக, பணமும் மக்களுடையது, அலையும் மக்களுடையது.

வாகிஃபின் நிபந்தனை

வக்ஃப் சட்டங்களை ஓதியவர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. வக்ஃப் சொத்துக்கு முத்தவல்லி உரிமையாளர் ஆகமாட்டார். வாகிஃப் என்ன நிபந்தனை எழுதினாரோ, அது மார்க்கச் சட்டத்தின் வாசகம் போலவே பேணப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹில் பிரபலமான விதி. பொது ஒலிபரப்புக்கும் எழுதப்பட்ட நிபந்தனை இருக்கிறது. அதுதான் பிரசார் பாரதி சட்டம். 1990இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஏழு ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அதன் 12ஆவது பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பொதுநலன் சார்ந்த எல்லா விஷயங்களையும் உண்மையாகவும் நடுநிலையாகவும் அறிந்துகொள்ளும் குடிமகனின் உரிமையைக் காக்க வேண்டும்; மாறுபட்ட கருத்துகளுக்கும் இடம் தர வேண்டும்; நிறுவனம் தனக்கென ஒரு கொள்கையைப் பரப்பக் கூடாது என்கிறது அது. கிராம மக்கள், பெண்கள், நலிந்தவர்கள் ஆகியோரைக் கவனிக்கச் சொல்கிறது. சிறுபான்மையினர், பழங்குடியினர் ஆகியோரின் தனித் தேவைகளுக்கு ஏற்ற நிகழ்ச்சிகளைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நமக்கு ஒதுக்கப்படும் நேரம் யாரோ போடும் பிச்சை அல்ல. சட்டத்தில் எழுதப்பட்ட ஹக்கு.

காலியாகக் கிடக்கும் நாற்காலிகள்

நிபந்தனை சரியாக இருந்தும் ஏன் இப்படி நடக்கிறது? கணக்குக் கேட்கும் இடம் காலியாக இருப்பதால்தான்.

12ஆவது பிரிவு ஒழுங்காகப் பின்பற்றப்படுகிறதா என்று கண்காணிக்க, மக்களவையிலிருந்து 15 பேரும் மாநிலங்களவையிலிருந்து 7 பேரும் கொண்ட நாடாளுமன்றக் குழு அமைய வேண்டும் என்கிறது 13ஆவது பிரிவு. மக்களின் புகார்களை விசாரிக்க ஒலிபரப்பு மன்றம் ஒன்றும் அதே சட்டத்தில் உண்டு. சட்டம் நடைமுறைக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்தும் இந்த ஏற்பாடு ஏட்டளவிலேயே நிற்கிறது. சாம் பிட்ரோடா தலைமையிலான குழு 2014இல் அறிக்கை தந்து, நிதியிலும் பணி நியமனத்திலும் நிறுவனத்துக்கு உண்மையான தன்னாட்சி வேண்டும் என்றது. அந்த அறிக்கையும் அலமாரிக்குப் போனது.

23ஆவது பிரிவையும் கவனியுங்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களுக்காக ஒன்றை ஒலிபரப்பு என்றோ, ஒலிபரப்பாதே என்றோ மத்திய அரசு உத்தரவிடலாம். ஆனால் அந்த உத்தரவின் நகலை நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைத்தாக வேண்டும். எழுத்தில் வரும் உத்தரவுக்கு இப்படி ஒரு வேலி இருக்கிறது. தொலைபேசியில் வரும் ஒரு சொல்லுக்கு எந்த வேலியும் இல்லை. அதைத் தட்டிக் கேட்க வேண்டிய குழுதான் அமைக்கப்படவே இல்லை.

இதை ஒரு கட்சியின் குற்றமாக மட்டும் சுருக்கிவிடுவது நீதியாகாது. 1975 நெருக்கடி நிலையில் வானொலி எப்படி நடந்தது என்பதை நாடறியும். அந்த அனுபவத்தால்தான் பி.ஜி. வர்கீஸ் குழு 1978இல் சுதந்திரமான அறக்கட்டளை ஒன்றைப் பரிந்துரைத்தது. அதன் பிறகு மாறி மாறி ஆண்ட எவரும் கையிலிருந்த ஒலிவாங்கியை விட மனம் கொள்ளவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தன்னாட்சி கேட்டவர்கள், ஆட்சிக்கு வந்ததும் அந்தப் பேச்சை மறந்தார்கள்.

அரசுப் பணம் என்றாலே அடிமைத்தனமா?

அப்படிச் சொல்ல முடியாது. பிபிசி தமிழோசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1941இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 வரை வானொலியில் ஒலித்தது. 2014 வரை பிபிசி உலக சேவைக்குப் பணம் தந்தது பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை. எந்த மொழிகளில் ஒலிபரப்புவது என்பதில் அந்த அரசுக்குப் பங்கு இருந்தது. செய்தியில் என்ன சொல்வது என்பதை ஆசிரியர் குழு தீர்மானித்தது. இலங்கைப் போர்க்காலத்தில் ஈழத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் மக்கள் அதற்குக் காது கொடுத்ததற்குக் காரணம் அந்த நம்பிக்கைதான். காஸா விஷயத்தில் பிபிசி மீது நமக்குக் கடுமையான விமர்சனம் உண்டு. ஆனால் பணம் தருபவருக்கும் செய்தி எழுதுபவருக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்ப முடியும் என்பதற்கு அது சாட்சி.

பக்கத்தில் இலங்கையிலும் ஒரு பாடம் உண்டு. 1997இல் அங்கே அரசு கொண்டுவந்த ஒலிபரப்பு அதிகார சபை மசோதா, அரசின் பிடியிலிருந்து அந்தச் சபைக்குப் போதிய சுதந்திரம் தரவில்லை என்பதால், அரசியலமைப்புக்கு முரணானது என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

வெள்ளம் சொன்ன செய்தி

"இப்போது யார் வானொலி கேட்கிறார்கள்?" என்று இளைஞர்கள் கேட்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. மின்சாரம் போனது, கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன, வாட்ஸ்அப் ஊமையானது. அப்படிப்பட்ட இரவில் பேட்டரியில் ஓடும் சின்ன வானொலிப் பெட்டி ஒன்றுக்குத்தான் ஊருக்கு வெளியே இருக்கும் குரல் எட்டும்.

அந்த மழைக்குப் பிறகு, எச்சரிக்கை எப்போது வந்தது, போதுமானதாக இருந்ததா என்று மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று குறை கூறின. இருவருக்கும் கட்டுப்படாமல் நடந்ததை நடந்தபடி சொல்லும் உள்ளூர்க் குரல் எவ்வளவு அவசியம் என்பது அப்போது தெரிந்தது. தனியார் பண்பலைகளுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. அரசு வானொலியின் செய்தியை மாற்றாமல் எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆகவே பண்பலைகள் எத்தனை வந்தாலும், இந்த ஆற்றுப் படுகையில் வானொலிச் செய்தி என்றால் அது அரசு வானொலியிலிருந்து வருவதுதான். அது கெட்டால் மாற்று இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, கேட்க வேண்டும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி தொகுதி எம்.பி.க்களிடம் நம் ஜமாஅத்துகள் கொடுக்கும் கோரிக்கை மனுவில் ஒரு வரி சேரட்டும்: 13ஆவது பிரிவின்படி நாடாளுமன்றக் குழுவை அமைக்கக் குரல் கொடுங்கள். இது முஸ்லிம்களுக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. விவசாயச் சங்கமும் மீனவர் சங்கமும் நம்மோடு சேர்ந்து கேட்கக்கூடியது.

இரண்டாவது, பிரசார் பாரதி தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. நம் மாவட்ட நிலையம் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சொந்த நிகழ்ச்சி தயாரிக்கிறது, எவ்வளவு அஞ்சல் செய்கிறது, சிறுபான்மையினருக்கான நிகழ்ச்சி எவ்வளவு என்று விண்ணப்பித்துக் கேட்கலாம்.

மூன்றாவது, உள்ளே போக வேண்டும். நல்ல குரலும் தமிழும் உள்ள நம் பட்டதாரிப் பிள்ளைகள், பெண்பிள்ளைகள் உட்பட, அறிவிப்பாளர் தேர்வுக்கு விண்ணப்பிக்கட்டும். நேயர் கடிதம் எழுதுங்கள். நல்ல நிகழ்ச்சியைப் பாராட்டுங்கள், தவறைக் கண்ணியமாகச் சுட்டிக்காட்டுங்கள்.

நான்காவது, நம் கோரிக்கையில் நியாயம் இருக்க வேண்டும். நம்மைப் புகழும் வானொலியை நாம் கேட்கவில்லை. உண்மை சொல்லும் வானொலியைக் கேட்கிறோம். அது நமக்குப் பாதகமான உண்மையாக இருந்தாலும் சரி. செய்தியைத் தீர விசாரிக்கும்படி சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் நமக்கே கட்டளையிட்டிருக்கிறான். வாட்ஸ்அப்பில் வந்ததை விசாரிக்காமல் பரப்பிக்கொண்டே, வானொலியிடம் நேர்மை கேட்பது பொருந்தாது.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைப்பது முத்தவல்லியின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது உரியவரின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை உணர்ந்து நடக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக.