வழித்தூரமும் வழிநேரமும்

விஞ்ஞானத்தின் விந்தைகளைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தால், பத்து மாணவரில் எட்டுப் பேராவது "இன்று உலகம் சுருங்கிவிட்டது" என்றே தொடங்குவர். அவ்வாக்கியத்தைக் கண்டவுடன் என் சிவப்பு மை தானாகவே பாயும். சுருங்கியது பிரயாண நேரம். உலகம் இருந்தபடியே இருக்கின்றது. தூரத்தையும் நேரத்தையும் ஒன்றாக்கி எழுதுவதை நான் மொழிப்பிழை என்றே கொள்கிறேன்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊரென இலக்கிய அன்பர் அறிந்த கொக்கலை, இரண்டாம் உலக யுத்தகாலத்தில் நீர்விமானத் தளமாயிருந்தது. 1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் கைப்பட்டதும், இலண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான ஆகாய வழி அறுந்துபோயிற்று. அறுந்ததை இணைக்கும் பொருட்டு, 1943 முதல் 1945 வரை, மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் கொக்கலை வாவிக்கும் இடையே கட்டலீனா என்னும் நீர்விமானங்களைக் குவாண்டாஸ் நிறுவனத்தார் செலுத்தினர். தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இடையில் எங்கும் இறங்குதலில்லை. எரிபொருளே பெருஞ்சுமையானபடியால் பிரயாணிகள் மூவருக்குமேல் ஏற இடமில்லை. எதிரி அறியாவண்ணம் வானொலியை அடக்கி, நட்சத்திரங்களைக் கொண்டே திசையறிந்தனர். பறந்த நேரமோ 27 முதல் 33 மணித்தியாலம்! ஒரே பிரயாணத்தில் இரு சூரியோதயங்களைக் கண்டவர் என்று பிரயாணிகளுக்குப் பத்திரமும் வழங்கினர். அதற்கு வாசகம் அமைத்தவர் எவராயினும் கவியுள்ளம் படைத்தவரே.

அதே பேர்த்திலிருந்து இலண்டனுக்கு 2018 மார்ச்சில் நேர்ச்சேவை தொடங்கிற்று. தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர்; நேரம் 17 மணித்தியாலமளவு. மணித்தியாலமே தூரத்துக்கு அளவாயின், பேர்த் நகரத்தார்க்கு இலண்டன் அண்மையும் கொக்கலை சேய்மையும் ஆகிவிடும். அன்றியும், எதிர்ப்படும் மேல்காற்றினால் இலண்டனுக்குப் போகும் நேரம் மீளும் நேரத்தினும் மிகும். அதற்காகப் போகும் வழி நீண்டதென்றும் மீளும் வழி குறுகியதென்றும் சொல்வோமா?

இவற்றை வகுப்பிற் சொல்லி முடித்தபோது ஒரு மாணவர் எழுந்தார். "ஐயா, நம் முன்னோரும் 'நாழிகை வழி' என்று நேரத்தைக் கொண்டுதானே தூரத்தை அளந்தார்கள்?"

நான் திகைத்துத்தான் போனேன். "நாளைக்குச் சொல்கிறேன், இரும்" என்றேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

மறுநாள் நான் கூறிய விடை இது. அக்காலத்தார் கால்நடையாகச் சென்றனர். எல்லார் நடையும் ஏறக்குறைய ஒரே கதி. ஆதலின் நாழிகையைச் சொன்னாலும் நிலத்தின் நீளம் விளங்கிற்று. வெயிலும் மணலும் இளைப்பாறிய மரநிழலும் அந்நாழிகையில் அடங்கின. விமானத்தின் மணித்தியாலத்தில் எது அடங்குகிறது? விசாவுக்காக மாதக்கணக்கிற் காத்திருப்பது அடங்குவதில்லை. பயணச்சீட்டுக்குப் பணம் சேர்க்கும் ஆண்டுகளும் அடங்குவதில்லை. கொழும்பிலிருந்து இலண்டன் 8,700 கிலோமீற்றருக்குக் குறையாது. "பதினொரு மணித்தியாலம்தானே, அம்மா" என்று பிள்ளை தொலைபேசியிற் சொல்ல, அவ்வெண்ணையே நம்பி ஆண்டுதோறும் படலையைப் பார்த்திருக்கும் தாய்மார் நம் ஊரில் எத்தனை பேர்! கிலோமீற்றரைச் சொல்லியிருந்தால் அவர்கள் ஓரளவு மனந்தேறியிருப்பர்.

மாணவர் மறுத்துப் பேசவில்லை. அவர் தமையனும் இலண்டனில் இருப்பதைப் பின்னர்தான் அறிந்தேன். கேள்வியின் பொருட்டு, அவர் கட்டுரையிற் குறைத்த இரண்டு புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்தேன். அவ்வாக்கியத்தின் மேல் இழுத்த கோட்டை மட்டும் அழிக்கவில்லை.