கூதிர்க்காலத்து வீட்டுத் தோட்டம்

ஆங்கிலேயர் 'ஆட்டம்' என்று வழங்கும் பருவத்தைத் தமிழில் 'இலையுதிர் காலம்' எனப் பெயர்த்தெழுதுவது நம் பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். மேனாட்டுக்கு அப்பெயர் பொருந்துவதே. ஆங்குச் செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் பகல் சுருங்க, மரங்கள் நிறம் மாறி இலை உகுக்கின்றன. தோட்டமுடையார் எஞ்சிய காய்களைப் பறித்து, பாத்திகளை மூடி, கருவிகளைத் துடைத்து உள்ளே வைக்கின்றனர். கீட்சு என்னும் புலவர் 1819ஆம் ஆண்டு செப்டம்பரில் அப்பருவத்தைப் பாடியபோது, கதிர் அரிந்த வயலையும், கூடிப் பறக்கும் தகைவிலான்களையும் காட்டியே தம் பாட்டை முடித்தார். ஆண்டு முடிந்தது, இனிக் குளிர், இனி அடைப்பு என்னும் உணர்ச்சி அதில் உளது.

இவ்வுணர்ச்சியைப் பெயரோடு சேர்த்துக் கொணர்ந்து நம் ஐப்பசி கார்த்திகையின்மேல் ஏற்றுவதை யாம் மறுக்கின்றோம். சொல்லாராய்ச்சி மட்டும் எம் நோக்கமென்று அன்பர்கள் எண்ணற்க. பெயர் பிழைபட்டதனால் வேலையும் பிழைபட்டிருக்கிறது. வீட்டுக் கொல்லையில் நான்கு செடி வைத்திருப்போர், ஆண்டிலே தலையாய இரண்டு திங்களை 'மழைக்காலந்தானே, தானே வளரும்' என்று கைகட்டிக் கழிக்கின்றனர். இதனை எம் ஊராகிய இரும்பையை வைத்தே காட்ட விழைகின்றோம்.

இரும்பை, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடபால், கடலினின்று சில கல் தொலைவில் செம்மண் மேட்டில் அமைந்த சிற்றூர். திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயில் இங்குளது. வடக்கே சென்றால் கழுவேலி ஏரியும், அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்களும் வரும். இந்நிலத்தில் மரங்கள் ஐப்பசியில் இலை உதிர்ப்பதில்லை. வேம்பும் அரசும் இலுப்பையும் இலை உதிர்ப்பது மாசி பங்குனியில்; அதாவது நம் முன்னோர் பின்பனி என்று பெயரிட்ட பருவத்தில். (இலுப்பைக்குச் சங்க நூல்களில் இருப்பை என்று பெயர். எம் ஊர்ப்பெயரை அதனோடு இணைத்துக் கூறுவாரும் உளர்.) கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டைக் கண்டவர்க்கு இன்னொன்றும் புலனாகும். இக்கடற்கரைக்கே உரிய பழங்காட்டின் எச்சம் அது. அங்குள்ள வீரையும் காசாவும் ஆண்டு முழுவதும் பசுமை மாறாதன. அக்காட்டின் முன் நின்று ஒருவர் ஐப்பசியை இலையுதிர் காலம் என்பாராயின், மரங்களே நகைக்கும்.

நம் நூலோர் ஆண்டை ஆறாகப் பகுத்து, ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்றனர். மார்கழியும் தையும் முன்பனி என்றனர். கூதிரைப் பாடுதற்கென்றே அமைந்தது போன்றது நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை. அதில் ஆயர் மழைக்கு அஞ்சி மேட்டு நிலம் தேடுகின்றனர். குளிருக்குக் கைகளை நெருப்பில் காய்ச்சுகின்றனர். ஆயினும் அதே பாட்டில் புதர்தோறும் முசுண்டை வெள்ளையாகவும் பீர்க்கு மஞ்சளாகவும் பூத்துக் கிடக்கின்றன. நெற்கதிர் முற்றி வளைகின்றது. கமுகின் காய் திரள்கின்றது. குளிர் மனிதர்க்கே, கொடிக்கோ அது பூக்கும் காலம். இந்த வேறுபாட்டைக் கண்ட புலவர் தாமும் ஒரு தோட்டத்தைக் கூர்ந்து பார்த்தவராகத்தான் இருத்தல் வேண்டும்.

கிறித்தவராகிய எமக்கு இது வேதாகமத்திலும் புதிதன்று. முன்மாரி, பின்மாரி என்னும் சொற்களை ஞாயிறுதோறும் கேட்டு வளர்ந்தோம். பாலஸ்தீன நாட்டில் கோடை முழுவதும் வறண்டு பிளந்த நிலத்தை அக்டோபர், நவம்பர்த் திங்களில் வரும் முன்மாரியே இளக்கி, ஏர் பிடிக்கவும் விதைக்கவும் செய்கின்றது. அந்நாட்டு உழவனுக்கும் அப்பருவம் தொடக்கமேயன்றி முடிவன்று. ஆக, ஆண்டின் கடைப்பகுதியை அடைப்பாகக் காண்பது உலகத்தார் அனைவர்க்கும் பொதுவான கண் அன்று. பனி பெய்து மண் உறையும் நாட்டார்க்கே உரிய கண்.

இனி, வேலைக்கு வருவோம்.

புரட்டாசி கழியுமுன் தோட்டத்தார் எடுக்க வேண்டுவது மண்வெட்டி. விதைப்பை பின்னர் வரலாம். எம் ஊர்ச் செம்மண் முதற் பெருமழையின் துளி பட்டதும் மேற்புறம் தகடு போல் இறுகிவிடும். அதன்பின் விழும் நீர் உள்ளே இறங்காது, மண்ணையும் வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடும். ஆதலின் மேற்புறத்தைக் கொத்தி, சரிவுக்குக் குறுக்கே பாத்தி வகுத்து, ஒரு சாண் உயரத்துக்கு வரப்பிட வேண்டும். வாழையைச் சுற்றி வட்டக்குழி, கொல்லையின் தாழ்ந்த மூலையில் ஆழக்குழி ஒன்று. கொத்திய இடமெல்லாம் சருகும் தென்னை மட்டையும் கொண்டு மூடாக்கிட வேண்டும். மாசியில் உதிர்ந்த வேப்பஞ்சருகை நெருப்பிடாது குவித்து வைத்தவர்க்கு அச்சருகு இப்போது பொன். நெருப்பிட்டவர் வைக்கோலை விலை கொடுத்து வாங்குவர்.

முருங்கையின் கிளை மென்மையானது. காற்று வருமுன் நாமே வெட்டிவிடின் மரம் பிழைக்கும். வெட்டாது விட்டால் புயல் வெட்டும். அது அளவறிந்து வெட்டுவதில்லை. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30இல் கரையேறிய தானே, 2020ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இரவில் மரக்காணத்தின் அருகே கரை கடந்த நிவர், 2024ஆம் ஆண்டு நவம்பர் 30இல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்த பெஞ்சல் ஆகிய மூன்றும் கூதிரின் இறுதியிலோ முன்பனியின் தொடக்கத்திலோ வந்தவை. வாழைக்கு முட்டுக் கொடுப்பதும் பந்தற்காலை ஆழ ஊன்றுவதும் ஐப்பசியிலேயே முடிந்திருத்தல் வேண்டும்.

கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்கு மேட்டுப்பாத்தியும் அதன்மேல் கீற்றுப் பந்தலும் இன்றியமையாதன. இன்றேல் நாற்றுகள் அடியில் அழுகிச் சாயும். கீரை விதையைப் பெருமழைக்கு முன் தூவுதல் வீண். விதை அடுத்த வீட்டில் முளைக்கும். மழை நான்கு நாள் ஓய்ந்த இடைவெளி பார்த்துத் தூவுதல் நன்று. இரவில் விளக்கேந்திச் சென்று பெரிய நத்தைகளைப் பொறுக்குவது சிறுவர் வேலை. இவற்றுள் எதுவும் கடுமையானதன்று. ஆனால் ஒன்றையும் தை மாதத்துக்குத் தள்ளிவைக்க இயலாது.

ஆடிப்பட்டத்தில் ஊன்றிய அவரையைப் பற்றி ஒரு சொல். பந்தலில் ஏறும் நாட்டவரை ஆவணியிலும் புரட்டாசியிலும் இலையாகவே படரும். எவ்வளவு எருவிட்டாலும் பூவாது. பொறுமையற்றவர் 'மலட்டுக்கொடி' என்று பிடுங்கி எறிந்துவிடுவர். அது காத்திருப்பது எருவுக்கன்று, பகல் சுருங்குவதற்கு. ஐப்பசி கடந்து இரவு நீண்டதும் கணுத்தோறும் பூவெடுக்கும். சங்கப் பாடல்களில் பனிக்காலம் வந்தமைக்கு அவரைப்பூ அடையாளமாக வருவதன் காரணம் இதுவே. மேனாட்டு மரம் சுருங்கும் பகலைக் கண்டு இலையுதிர்க்கின்றது. எம் கொல்லை அவரை அதே பகலைக் கண்டு பூக்கின்றது.

மண்வெட்டியை முதலிற் கூறியதற்குக் காரணம் எம் ஊரின் பழங்கதையிலும் உளது. கடுவெளிச் சித்தர் என்பார் இங்குத் தவமிருந்தாரென்றும், ஆடிய கணிகையின் காலினின்று கழன்ற சிலம்பை எடுத்து அணிவித்த அவரை ஊரார் எள்ளி நகைத்தனரென்றும், அவர் சினத்தால் இலிங்கம் பிளந்து நிலம் வறண்டதென்றும் கூறுவர். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. நிலம் வறண்டது மெய். காடழிந்தபின் மழைநீர் தடையின்றி ஓடி, செம்மண் மேட்டைக் கிழித்து ஆழ்ந்த ஓடைகளாக்கிற்று. ஆண்டுதோறும் மண் கடலுக்குச் சென்றது. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28இல் எம் ஊரை ஒட்டிய அம்மேட்டில் ஆரோவில் நகர் தொடங்கப்பட்டபோது அங்கு நிழலுக்கும் மரம் அரிது. குடியேறியோர் மரம் நட்டதை எல்லாரும் புகழ்வர். மரம் நிற்பதற்கு அவர்கள் மண்ணணை எழுப்பி மழைநீரை மறித்ததைப் பேசுவோர் சிலரே. அவ்வணையின் சிறு வடிவந்தான் எம் ஆயா கொல்லையில் போடும் ஒரு சாண் வரப்பு.

எவ்வளவு நீர் என்று கணக்கிட்டுப் பார்த்தோம். ஐந்து சென்ட் மனை ஏறக்குறைய 200 சதுர மீட்டர். அதன்மேல் பத்துச் சென்டிமீட்டர் மழை பெய்தால் 20,000 லிட்டர். பெஞ்சல் புயலன்று புதுச்சேரியில் ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கும் மேற்பட்டுப் பெய்தது. ஐந்து சென்டுக்கு 80,000 லிட்டர்! அத்தனையையும் கொல்லை குடிக்காது. அன்று எங்கும் வெள்ளமே. ஆயின் வழக்கமான ஐப்பசி மழையில் பாதியையேனும் உள்ளே இறக்கலாம். கடலருகே வாழ்வோர்க்கு இது வெறும் சிக்கனமன்று. நிலத்தடி நன்னீரை இறைத்துக்கொண்டே போய், ஈடாக ஒன்றும் உள்ளே விடாவிடின், அவ்விடத்தைக் கடல்நீர் வந்து நிரப்பும். மரக்காணத்தில் உப்பளத்தார் கடலோர உவர்நீரைப் பாத்திகட்டிக் காய்ச்சி உப்பாக்குகின்றனர். அவர் பாத்தியில் உவர்ப்பு வேண்டும். நம் கிணற்றில் அது வேண்டா. கூதிர் மழை அவர் தொழிலை நிறுத்திவிடுகிறது என்பதையும் மறத்தல் ஆகாது. அளங்கள் நீரில் மூழ்க, அம்மாதங்களுக்கு அரசு அண்மை ஆண்டுகளில் உதவித்தொகை தருகின்றது. கூலியற்ற அந்நாள்களில் குடிசையோரத்துப் பூசணியும் சுரையும் ஒரு வேளைக் குழம்பாவதை யாம் கண்டிருக்கின்றோம்.

இத்துணையும் கூறியது ஒரு வழக்கைத் தீர்த்தற்பொருட்டு. இப்போது ஊரில் புதுவீடு கட்டுவோர் அனைவரும் சுற்றுச்சுவர்வரை சிமிட்டித் தளம் போடுகின்றனர். ஆண்டுக்கொரு முறை தொட்டிச்செடிகள் வாங்கி அத்தளத்தின்மேல் அடுக்குகின்றனர். எம் தெருவில் ஒரு வீட்டுத் தளத்து நீர் முழுதும் தெருவழியே பாய்ந்து தாழ்ந்த வீடுகளுக்குள் புகுகின்றது. எம் தந்தையாரும் தளம் போடக் கருதுகின்றார். அவர் கூறும் காரணம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஐப்பசியில் கொல்லை சேறாகின்றது. ஆயாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. கிணற்றடிக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால் கத்தரிக்காயா தூக்கி நிறுத்தும் என்கின்றார். பாம்பச்சம் வேறு.

ஆயாவோ, தளம் போட்டால் பகல் முழுவதும் தாம் செய்வது என்ன என்று கேட்கின்றார். இவ்வினாவுக்குத் தந்தையாரிடம் விடையில்லை; எம்மிடமும் இல்லை. முதியவர் ஒருவரை விழாமற் காப்பதற்காக அவர் எழுந்து நடப்பதற்கிருந்த காரணத்தையே எடுத்துவிடுதல் நல்ல பாதுகாப்பாகத் தோன்றவில்லை. எம் கருத்து இது: புழைக்கடை வாயிலினின்று கிணற்றடிவரை மூன்றடி அகலத்துக்குக் கருங்கல் பாவி, ஒருபுறம் கைப்பிடிக்கு மூங்கில் கட்டுவது, எஞ்சியதை மண்ணாகவே விடுவது. பாதையோரப் புதரை ஒதுக்கிவிட்டால் பாம்பு தங்க இடமிராது. செலவும் முழுத் தளத்தினும் குறைவு.

முன்பனி பிறந்தபின் இவ்வழக்குக்கு எவரும் செவிசாய்ப்பதில்லை. மார்கழியில் சேறு காய்ந்துவிடும். அவரை கூடை கூடையாக வரும். சேனையின் தண்டு மடிந்து கிழங்கு தோண்டப் பக்குவமாகும். கிறிஸ்துமஸ் விருந்துக்கு வந்த உறவினர் கொல்லையைச் சுற்றிப் பார்த்து வியந்து, ஆளுக்கொரு பை காயுடன் திரும்புவர். கூதிரில் குனிந்தவர் யாரென்று கேட்பாரில்லை.

இவ்விதழ் அன்பர்கள் கைக்கு வரும்போது எம் கொல்லை வேம்பு இலை உதிர்த்துக்கொண்டிருக்கும். அச்சருகை எரியாது கிணற்றடி மூலையில் குவிக்குமாறு ஆயாவுக்கு எழுதியுள்ளோம். கொத்தனாரிடம் நடைபாதைக்கு மட்டும் அளவு கொடுக்குமாறு தந்தையாருக்கும் எழுதியுள்ளோம். ஆயாவின் மறுமொழி வந்துவிட்டது; தந்தையாருடையதை எதிர்நோக்கியிருக்கின்றோம்.