எய்தவனை நோவதன் முன்

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பது நம்மவர் நாவில் வழங்கும் பழமொழி. குற்றம் கருவியினதன்று, அதனைக் கையாண்டவனதே என்பது அதன் கருத்து. வழக்கு மன்றத்துக்கு இது பொருந்தும். விற்பயிற்சி நிகழும் மைதானத்துக்கும் பொருந்துமோ என ஆராய்வதே எம் நோக்கம். தமிழாசிரியர்க்கு வில்லோடு யாது தொடர்பு என வினவுவார்க்கு, ஒரே கணையால் யானை முதல் உடும்பு ஈறாக ஐந்து உயிர்களை வீழ்த்திய வல்வில் வேட்டுவனைப் போற்றும் புறநானூற்று 152ஆம் செய்யுளை விடையாகக் காட்டுவோம்.

இக்காலத்தில் மூங்கிலுக்கும் மரத்துக்கும் பதிலாகக் காபன் இழையாலான அம்புகள் வந்துள்ளன. மூடுபனி தவழும் இராகலை போன்ற ஊர்களுக்கு இவை பெரிதும் ஏற்றவை. மர அம்பு ஈரத்திற் கோணும். காபன் அம்பு கோணாது. ஆயினும், நேராக இருத்தல் ஒன்றே அம்புக்குப் போதிய தகுதியன்று. அளவோடு வளைதலும் வேண்டும்.

நுனிகள் எதிர்ப்புறம் வளைந்த பழைய பாங்கான மரவில்லில், கைப்பிடி அம்பின் வழியிற் குறுக்கே நிற்கின்றது. நாணை விட்டதும் அம்பு பாம்புபோல் நெளிந்து அப்பிடியைச் சுற்றிக் கடந்து, பின்னரே நேர்படுகின்றது. மிக விறைப்பான அம்பு, வலக்கையால் நாணிழுப்பவனுக்கு இலக்கின் இடப்புறம் செல்லும். மிகத் துவள்வது வலப்புறம் செல்லும். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள்மேல் அம்புத் தண்டைக் கிடத்தி, நடுவே 1.94 இறாத்தல் எடையைத் தொங்கவிட, அது அரை அங்குலம் தாழுமாயின் அதன் வளைமை எண் 500 ஆகும். எண் பெருகப் பெருக அம்பு இளகியதாகும்.

இங்கேதான் நம் சிறுவர்க்கு அநீதி நிகழ்கின்றது. வில்லிற் பொறித்துள்ள வலிமை 28 அங்குலம் இழுப்பதற்குரியது. 30 இறாத்தல் வில்லை 24 அங்குலமே இழுக்கும் மாணவன் பெறுவது ஏறக்குறைய 22 இறாத்தலே. பொறித்த எண்ணைப் பார்த்து வாங்கிய அம்பு அவனுக்கு விறைப்பாகிவிடும். எத்துணை கருத்தாக எய்தாலும் அது இடப்புறமே ஒதுங்கும். "உனக்குக் குறி வராது" என்று ஒருவர் கூறிவிட, அவனும் அதனை நம்பி வில்லைக் கீழே வைத்துவிடுவான். பிழை அவன் கண்ணிலுமில்லை, கையிலுமில்லை.

இதனைக் களையும் வழி அரிதன்று. சிறகு கட்டிய அம்புகள் மூன்றும், அதே வகையிற் சிறகற்ற அம்பு ஒன்றும் அண்மையில் நின்று எய்க. சிறகற்றது தாழ்ந்து தைத்தால் நாணில் அம்பு பொருந்தும் இடம் உயர்ந்துள்ளது. மேலே தைத்தால் தாழ்ந்துள்ளது. அதனை முதலிற் செப்பஞ் செய்க. பின்னர், சிறகற்றது இடப்புறம் தைத்தால் முனையின் எடையைக் கூட்டுக; வலப்புறம் தைத்தால் முனையின் எடையைக் குறைக்க, அல்லது தண்டைக் கால் அங்குலமாக வெட்டுக. வெட்டியது மீண்டும் வளராது, மாணவனோ வளர்வான். ஆதலின், சிறுவர் அம்பை நீளமாகவே விட்டு முனையால் இசைவித்தலே அறிவுடைமை. விரிசலுற்ற காபன் அம்பு கையிலேயே சிதறக்கூடும். ஒவ்வொரு முறையும் வளைத்துப் பார்த்தபின்னரே எய்தல் வேண்டும்.

ராஞ்சியில் ஓட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, 2010இல் டில்லிப் பொதுநலவாய விளையாட்டு விழாவில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றார். ஏழ்மை குறிக்குத் தடையன்று என்பதற்கு அவரே சான்று. தேயிலை மலையின் பிள்ளைகளுக்கும் அத்தகு கண்ணும் தோளும் உண்டு.

ஆகவே, கல்லூரிக்கு விற்பயிற்சியை அளிக்க முன்வரும் பழைய மாணவர்க்கு யாம் கூறுவது ஒன்றே: ஒரே அளவான அம்புகளைக் கட்டாக வாங்கித் தந்து கடன் கழிந்ததென அமையற்க. எடை வேறுபட்ட முனைகளையும், ஒவ்வொரு பிள்ளையின் இழுப்பையும் அளந்து ஆண்டுதோறும் அம்பை இசைவிக்கும் ஒருவரின் உழைப்பையும் சேர்த்து அளியுங்கள். ஆசிரியராகிய எமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எல்லார்க்கும் ஒரே நூலையும் ஒரே வேகத்தையும் வகுத்துவிட்டு, ஒதுங்கிப்போன பிள்ளையை மந்தமென்று கூறுமுன், யாம் அளித்த அம்பு அதன் வில்லுக்கு ஏற்றதுதானா என எண்ணிப் பார்த்தல் எம் கடன்.