கன்றின் அண்ணப்பிளவும் கிரகண தோஷமும்

கன்று குடித்த பால் மூக்கின் வழியே திரும்பினால் அதன் அண்ணம் பிளந்திருத்தல் கூடும். இதனைக் கிரகண தோஷமென்பது நாட்டு வழக்கம்; உண்மை வேறு. கருவில் நாக்கின் இருபுறமும் தொங்கும் மடிப்புகள் மேலெழுந்து நடுவில் ஒட்டியே அண்ணமாகின்றன. பசுவுக்கு இது சினையின் இரண்டாம் மாத வேலை. பரம்பரைக் குறையும், சில நச்சுப்பூண்டுகளும், ஜீவசத்துக் குறைவும் அதனைத் தடுக்கும்.

1930களில் அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஹேல் என்பார் ‘ஏ’ ஜீவசத்தற்ற தீனியிட்ட பன்றிகள், கண்ணின்றியும் அண்ணம் பிளந்தும் குட்டிகளை ஈன்றன. கண்ணற்ற குட்டிகளே வளர்ந்து, நல்ல தீனியுண்டு, குறையற்றவற்றை ஈன்றன.

ஆதலின், மதுராந்தகம் பக்கத்தில் கோடையெல்லாம் வெறும் வைக்கோலிட்டு, வயிறு தெரிந்தபின் பசுந்தீவனம் தேடுவது காலங்கடந்த செயல். அமாவாசைக்கு இடும் அகத்தியையும் பசும்புல்லையும் காளைக்கு விடுமுன்பே தொடங்கி நாள்தோறும் இடுவது குடியானவர் கடமை; அதனை ஊரார்க்கு உணர்த்துவது கிராம அதிகாரிகள் கடமை.