நான்கு ஜிகாபைட்டில் நின்ற படம்



சென்ற திங்கள், நமக்கு நெடுநாள் பழக்கமான ஒரு குடும்பத்தினர் நம்மை அவசரமாக அழைத்திருந்தனர். அவ்வீட்டுக் கணினியின் வட்டிலிருந்து சில நாள்களாக 'டிக், டிக்' என்ற ஓசை எழுந்தவண்ணம் இருந்தது. வட்டு ஓயப்போகிறது என்பதற்கு அது அடையாளம். ஆயினும் அவர்கள் அதற்காகக் கலங்கவில்லை. கணினியில் உள்ள அனைத்தும் சனிக்கிழமைதோறும் இரவில், ரூட்டரோடு இணைத்த வேறொரு வட்டுக்குத் தாமாகவே நகலாகும்படி மூத்த மகன் ஏற்பாடு செய்திருந்தார். வீட்டுக்குள்ளேயே ஒரு சிறு சர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களைக் கலங்கச் செய்தது வேறொன்று. பெற்றோரின் திருமணப் பொன்விழாவன்று எடுத்த மூன்று மணி நேரப் படம் அந்த நகலில் முழுமையாக இல்லை. அன்னையார் அதற்கடுத்த ஆண்டே காலமானார். அவர் குரல் பதிவாகியிருந்தது அப்படம் ஒன்றில்தான்.

"ஐயா, அந்த வட்டில் எழுநூறு ஜிகாபைட் காலியாகக் கிடக்கிறது. பதினொரு ஜிகாபைட் படத்துக்கு இடமில்லை என்கிறதே, இது என்ன நியாயம்?" என்றார் மகன்.

நகலில் கிடந்த துண்டை நோக்கினோம். நான்கு ஜிகாபைட்டுக்கு ஒரு நூலிழை குறைவு. அந்த எண்ணைக் கண்டதுமே நோய் இன்னதென்று விளங்கிவிட்டது.

ஒரு வட்டில் கோப்புகளை எவ்வாறு அடுக்குவது, அவற்றின் கணக்கை எவ்வாறு எழுதி வைப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு. அம்முறைகளுள் ஒன்று 'ஃபாட் 32'. இதில் ஒவ்வொரு கோப்பின் அளவையும் குறிக்க 32 கட்டங்கள் மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு கட்டத்தில் சுழியம் அல்லது ஒன்றுதான் எழுதலாம். கணக்குப் புத்தகத்தில் மூன்று கட்டங்களே இருந்தால் 999-க்கு மேல் எழுத இயலாதல்லவா? அவ்வாறே இங்கும் 4,29,49,67,295 பைட்டுக்கு மேல் ஒரு கோப்பின் அளவை எழுத வழியில்லை. வட்டு எவ்வளவு பெரிதாயினும் இந்த எல்லை மாறாது. ஆயிரம் சிறு புகைப்படங்கள் ஐயமின்றிப் போய்ச் சேரும். ஒரே ஒரு பெரிய படம் வாயிலில் நின்றுவிடும்.

இம்முறையை வகுத்தவர்களைக் குறை கூறுவதற்கில்லை. 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்தப்பட்ட பதிப்போடு இது வந்தபோது, வீட்டுக் கணினியின் முழு வட்டுமே நான்கு ஜிகாபைட் இருப்பது அரிது. இன்றும் தொலைக்காட்சிப் பெட்டி, ரூட்டர், காரிலுள்ள பாட்டுப் பெட்டி ஆகிய அனைத்தும் இம்முறையைப் படித்தறியும். ஆகவே இது எளிதில் மறைவதாயில்லை. இதே எல்லைக்கு அஞ்சித்தான் பல வீடியோ கேமராக்கள் நீண்ட பதிவை நான்கு ஜிகாபைட் துண்டுகளாகத் தாமே வெட்டிக்கொள்கின்றன. நம் நண்பர் வீட்டில் அத்துண்டுகளை ஒட்டி ஒரே படமாக்கியதால்தான் இத்தொல்லை வந்தது.

அப்படியாயின் அந்த நான்கு ஜிகாபைட் துண்டாவது ஓடாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் ஓடாது. இவ்வகைப் படக் கோப்புகள் பலவற்றில் உள்ளடக்க அட்டவணை கடைசியில் எழுதப்படுகிறது. கடைசிப் பகுதி வராத கோப்பைத் திறக்கும் கருவிக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

நகல் எடுப்பது தடைப்பட்டால், எந்த அளவில் நின்றது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் முயன்று, மீண்டும் குறியுங்கள். இருமுறையும் நான்கு ஜிகாபைட் என்றால் பழி ஃபாட் 32-இன் மேல். இரண்டு ஜிகாபைட்டில் நின்றால், இடையிலுள்ள பழைய மென்பொருள் ஒன்று 32 கட்டங்களில் ஒன்றைக் கூட்டல் கழித்தல் குறிக்கு ஒதுக்கிவிட்டது எனக் கொள்ளலாம். அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு அளவில் நின்றால் எல்லை காரணமன்று. கம்பியையும் வைஃபையையும் மின்சாரத்தையும் ஐயுறுக. அலுவலக சர்வராயின், ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம் என்று பங்கீடு வைத்திருப்பார்கள். அதை நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும். உலாவி வழியே கோப்பை ஏற்றும் இடங்களில் எல்லை இன்னும் சிறிது: பிஎச்பி நிரலில் எவரும் மாற்றாவிட்டால் அது வெறும் 2 மெகாபைட்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடமுண்டு. தம் கணினியின் வட்டு என்.டி.எஃப்.எஸ். முறையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, குறையேதும் இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது சென்று சேரும் இடத்து வட்டை.

மருந்துக்கு வருவோம். அந்த வட்டை எக்ஸ்ஃபாட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறைக்கு மாற்றிவிட்டால் வீட்டுக் கோப்பு எதற்கும் இந்த எல்லை தட்டாது. ஆனால் புதிதாக வடிவமைத்தால் வட்டிலுள்ளதெல்லாம் அழிந்துபோகும். முன்னதாகவே வேறிடத்தில் நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். விண்டோஸிலுள்ள 'கன்வர்ட்' என்னும் கட்டளை, உள்ளதை அழிக்காமலே ஃபாட் 32-ஐ என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்றும். அதற்கு வட்டை ரூட்டரிலிருந்து கழற்றிக் கணினியில் நேரே பொருத்த வேண்டும். புதிய முறையில் எழுதும் ஆற்றல் ரூட்டருக்கு உண்டா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்க. வட்டைத் தொட இயலாத நிலையில், 7-ஜிப் போன்ற மென்பொருளால் கோப்பை இரண்டிரண்டு ஜிகாபைட் துண்டுகளாக்கி அனுப்பலாம். நமக்கு இவ்வழியில் அவ்வளவு விருப்பமில்லை. துண்டுகளில் ஒன்று கெட்டாலும் படம் முழுமையாகக் கிடைக்காது.

நம் நண்பர் வீட்டில் இவற்றில் எதையும் உடனே தொடவில்லை. ஓயும் நிலையிலுள்ள வட்டைக் கைவசம் வைத்துக்கொண்டு சர்வரைச் செப்பனிடுவது முறையன்று. எக்ஸ்ஃபாட் முறையிலான புதிய வட்டொன்றை வாங்கி வரச் செய்து, கணினியில் நேரே பொருத்தி, அந்த ஒரு படத்தை மட்டும் முதலில் நகலெடுத்தோம். இடையில் இருமுறை திணறி நின்று, பின் நகர்ந்தது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதன்பின் மகன் சனிக்கிழமை இரவுகளின் அறிக்கைகளைத் திறந்து காட்டினார். ஆறு மாதங்களாக ஒவ்வொன்றின் அடியிலும், 'ஒரு கோப்பு விடுபட்டது' என்று இருந்தது. மேலே பச்சை நிறத்தில் 'முடிந்தது' என்றிருந்ததால் ஒருவரும் கீழே படிக்கவில்லை.

பெரியவர் புதிய வட்டிலிருந்தே படத்தை ஓடவிடச் சொன்னார். தொடக்கத்தைப் பார்க்கவில்லை, கடைசிப் பத்து நிமிடங்களைத் தேடி எடுக்கச் செய்து பார்த்தார்.