கருவிக்கும் சோதனை வேண்டும்!

திருவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரின் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவோரைக் கண்டிருப்பீர்கள். கணினி நிரலுக்கும் அத்தகைய கட்டை உண்டு, அதுவே நிறுத்தப்புள்ளி. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆக்கிய ஜி.டி.பி., ஓடும் நிரலைக் குறித்த வரியில் நிறுத்திப் பிழைகாண உதவும்.

ஒருநாள் நான் குறித்த வரியில் நிரல் நிற்கவில்லை. இராஜபாளையம் நூற்பாலைத் தொழிலாளியின் மகன் நான். வீட்டில் கேட்க ஆளில்லை. ‘நமக்குப் படிப்பு வராது’ என்று இரவெல்லாம் வருந்தினேன். மறுநாள் சிறு நிரலொன்று எழுதிக் கருவியையே சோதித்தேன். அதிலும் நிற்கவில்லை! தொகுப்பியின் உகப்பாக்கத்தை நீக்கியதும் நின்றது.

ஜி.டி.பி.யை ஆக்குவோரே நிறுத்தப்புள்ளிகளைத் தானியங்கிச் சோதனைகளால் திரும்பத் திரும்பச் சரிபார்க்கின்றனர். வல்லுநரே கருவியை ஐயுறும்போது, நாம் நம்மை மட்டுமே ஐயுறுவது முறையா? சோதனை எழுதுவதையும் செய்முறை வகுப்பில் கற்பிக்க வேண்டும் என்பதே என் துணிபு.